கேள்வியைத் தெரிவு செய்வது யார்? – உளநல ஆய்வுகளும் எங்கள் வீட்டுக் கேள்விகளும்

போர் நடந்த மண்ணில் வாழும் பெண்களுக்குக் கேள்விகள் புதியவை அல்ல. எந்த ஊர், எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள், வீட்டில் யாரை இழந்தீர்கள், யாரைத் தேடுகின்றீர்கள் என்று முகாமில் கேட்டார்கள். மீள்குடியேறிய பின்னரும் கேட்டார்கள். நிவாரணத்துக்கு ஒரு படிவம், வீட்டுத்திட்டத்துக்கு ஒரு படிவம், வாழ்வாதார உதவிக்கு இன்னொரு படிவம். இவற்றோடு உளநலம் பற்றிய படிவங்களும் வந்தன. 'கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு நித்திரை குறைவாக இருந்ததா? ஒருபோதும் இல்லை, சில நாட்கள், அநேகமான நாட்கள், எல்லா நாட்களும். இவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள்' என்ற மாதிரியான கேள்விகளுக்கு எம்மில் பலர் பதில் சொல்லியிருக்கின்றோம்.

பதில் சொல்லி எங்களுக்குப் பழக்கம். ஆனால் எதைக் கேட்பது என்று தீர்மானிக்கும் மேசையில் நாங்கள் இருந்ததில்லை. உளநோயுடன் வாழ்பவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் வைத்தியர்களுடன் சரிசமமாக இருந்து, 'இதைத்தான் ஆராய வேண்டும்' என்று தெரிவு செய்கின்ற ஒரு முறை உலகில் நடைமுறையில் இருக்கின்றது. அதனை எமது சகோதரிகளும் அறிந்து கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன். நான் வைத்தியரும் அல்ல, ஆய்வாளரும் அல்ல. 2010 ஆம் ஆண்டு தொடக்கம் என் தங்கையைப் பராமரித்து வருகின்ற ஒருத்தி. அதுவே இதனை எழுத எனக்குள்ள தகுதி.

எண்கள் சொன்னவையும் சொல்லாதவையும்

ஆய்வுகளே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. 2009 யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகின. நூற்றுக்கு 7 பேரிடம் போரின் மனவடு அறிகுறிகளும், 22 பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும், ஏறக்குறைய 33 பேரிடம் பதகளிப்பு அறிகுறிகளும் இருந்ததாக அது தெரிவித்தது. அந்த நேரத்திலும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மனச்சோர்வு அறிகுறிகள் உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர். இத்தகைய எண்கள் கையில் இருக்கும்போதுதான் எமது பகுதிக்கு உளமருத்துவர் வேண்டும், உளவளத்துணையாளர் வேண்டும் என்று அதிகாரிகளிடம் வாதாட முடியும்.

ஆனால் எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணுவது ஒரு கேள்வி மட்டுமே. நோயோடு ஒவ்வொரு நாளையும் கழிப்பவர்களிடம் வேறு கேள்விகள் இருக்கின்றன.

என் தங்கைக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோய். கிளினிக்கில் சிசோபிரேனியா என்பார்கள். மாதம் ஒரு ஊசியும் இரவில் குளிசையும் எடுக்கின்றாள். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. அதற்காக அந்த மருந்துகளுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. அவள் முன்பு ஊரில் பெயர் எடுத்த தையற்காரி. இன்று ஊசியில் நூல் கோர்க்க முடியாதபடி கை நடுங்குகின்றது. உடம்பு பருத்துவிட்டது. காலையில் எழும்புவது பெரும் பாடு. "குரல் நிண்டது நல்லது அக்கா. ஆனா என்ரை மெசினிலை நான் எப்ப இருக்கிறது?" என்று கேட்பாள். அது அவளுடைய கேள்வி.

என்னுடைய கேள்வி வேறு. நோய் திரும்பவும் வரப் போகின்றது என்பதை ஒரு கிழமைக்கு முன்னதாகவேனும் நான் எப்படி அறிவது? இரவில் அவள் முற்றத்தில் நடந்தால் அது வெக்கைக்காகவா, நோய்க்காகவா? எனக்கு வயது ஐம்பத்தெட்டு. எனக்குப் பின்னர் அவளை யார் பார்ப்பது?

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு குழுவினர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்த பிள்ளை நல்ல பிள்ளை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக இருந்து, என்னிடமும் தங்கையிடமும் கேட்டுக் கேட்டுக் குறித்தாள். முடிவில் தங்கை, "பிள்ளை, இந்தக் கை நடுக்கத்தைப் பற்றியும் எழுதுங்கோ" என்றாள். அந்தப் பிள்ளை தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி, அதுக்குப் படிவத்திலை இடமில்லையே" என்று கவலையோடு சொன்னாள். அந்த ஆய்வின் முடிவு என்னவென்று எங்களுக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிற் குற்றமில்லை. படிவத்தை வேறு யாரோ வேறு எங்கேயோ செய்திருந்தார்கள். படிவம் செய்யும் இடத்தில் என் தங்கையைப் போன்ற ஒருத்தி இருந்திருந்தால் கை நடுக்கத்துக்கு ஒரு வரியாவது கிடைத்திருக்கும்.

கப்பல் வைத்தியரின் பெயரில்

பிரித்தானியாவில் 2004 ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களுள் ஒருவர் சேர் இயன் சால்மர்ஸ். மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி, எந்தச் சிகிச்சை உண்மையில் பயன் தருகின்றது என்று காட்டுவதற்காக உழைத்தவர் அவர்.

ஜேம்ஸ் லிண்ட் என்பவர் 18 ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் கடற்படைக் கப்பலில் வைத்தியராக இருந்தவர். அக்காலத்தில் மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு முரசு வீங்கி, இரத்தம் கசிந்து, உடல் தளர்ந்து இறக்கும் ஸ்கேவி என்ற நோய் வந்தது. 1747 இல் லிண்ட் 12 நோயாளிகளை இரண்டு இரண்டு பேராக ஆறு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் தேசிக்காய் இனப் பழமும் உண்ட இருவரும் விரைவாகத் தேறினார்கள். ஆயினும் பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு அந்தப் பழச்சாற்றை வழங்க உத்தரவிட்டது 1795 இல்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு போயிற்று. விடை கிடைப்பது ஒன்று, அது தேவையானவரைப் போய்ச் சேருவது இன்னொன்று என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இவருடைய பெயரைத் தாங்கிய அமைப்பு, இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள், உடல்நலப் பிரச்சினைகள் தொடர்பாக இந்த வேலையைச் செய்திருக்கின்றது. அவற்றுள் மனச்சிதைவு, மனச்சோர்வு, இருதுருவ மனநோய் என்பனவும் அடங்கும்.

எவ்வாறு செய்கின்றார்கள்?

இந்த முறை சிக்கலானது அல்ல. ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அந்த நோய் உள்ளவர்கள், பராமரிப்பாளர்கள், சிகிச்சை அளிப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் கொண்ட ஒரு குழுவை முதலில் அமைக்கின்றார்கள். சிகிச்சை அளிப்பவர் என்றால் வைத்தியர் மட்டுமல்லர். தாதியர், சமூக சேவையாளர் போன்றோரும் அதில் அடங்குவர்.

அடுத்து, 'இந்த நோயைப் பற்றி உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எது?' என்று எல்லோரிடமும் கேட்கின்றார்கள். யாரும் தமக்குத் தெரிந்த மொழியில், தமக்கு வந்தபடி சொல்லலாம். வந்து சேரும் ஆயிரக்கணக்கான கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்குகின்றார்கள். அதன் பின்னர், அவற்றுள் எதற்காவது ஏற்கெனவே நம்பத்தகுந்த விடை கிடைத்துவிட்டதா என்று பழைய ஆய்வுகளைத் தேடிப் பார்க்கின்றார்கள். விடை உள்ளவற்றை நீக்கிவிட்டு, மிகுதியில் முக்கியமானவற்றைத் தெரிவு செய்யும்படி மீண்டும் மக்களிடம் கொடுக்கின்றார்கள்.

கடைசியில் ஒரு நாள் மூன்று தரப்பினரும் நேரில் கூடுகின்றார்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு மட்டையில் எழுதப்பட்டிருக்கும். சிறு சிறு குழுக்களாக மேசையைச் சுற்றி இருந்து, மட்டைகளை மேலும் கீழுமாக நகர்த்தி, ஏன் இது மேலே வர வேண்டும் என்று கதைத்து, முதல் பத்துக் கேள்விகளைத் தெரிவு செய்கின்றார்கள். உளமருத்துவரின் சொல்லுக்கு இருக்கும் அதே பெறுமதி தாயின் சொல்லுக்கும் உண்டு. மருந்துக் கம்பனிகளுக்கு இங்கே இடமில்லை. ஆய்வை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் தெரிவு செய்வதில் பங்கில்லை.

பட்டியலில் வந்தவை

மனச்சிதைவு நோய்க்கான பத்துக் கேள்விகள் 2011 இல் வெளியாகின. மருந்துக்கு இணங்காத நோயை எவ்வாறு குணப்படுத்துவது என்பது முதலாவது. நோய் திரும்புவதன் ஆரம்ப அறிகுறிகளை இனங்காண என்ன பயிற்சி வேண்டும் என்பது இரண்டாவது. இந்த மருந்துகளால் ஏற்படும் பாலியல் குறைபாடுகளை எவ்வாறு கையாள்வது என்பது நான்காவது. துணை கொடுத்து வேலையில் அமர்த்துவதால் நோயாளிக்கு என்ன நன்மை என்பது ஐந்தாவது. மருந்துகளின் நன்மையை விடத் தீமை அதிகமா என்பது ஆறாவது. உடல் பருப்பதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பது பத்தாவது.

இந்தப் பட்டியலை ஒரு தாதிச் சகோதரி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது நான் திகைத்துப் போனேன். இரண்டாவது கேள்வி என்னுடையது. ஐந்தாவதும் பத்தாவதும் என் தங்கையுடையவை. எங்களுக்கு ஊர் பேர் தெரியாத மனிதர்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்டது போலக் கேட்டிருக்கின்றார்கள். நான்காவது கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊரில் வாய்விட்டுச் சொல்லக் கூடாத விடயம். மருந்தால் தாம்பத்தியம் குலைந்த பெண்கள் அதைக் கணவனிடமும் சொல்வதில்லை, வைத்தியரிடமும் சொல்வதில்லை. குளிசையை இரகசியமாக நிறுத்திவிட்டு மீண்டும் நோயில் விழுகின்றார்கள். பட்டியலில் நான்காவது இடத்துக்கு அது வந்திருக்கின்றது என்றால் அது எமது வெட்கக்கேடு அல்ல, ஆராயப்பட வேண்டிய ஒரு மருத்துவப் பிரச்சினை என்று ஆகிவிட்டது.

மனச்சோர்வு நோய்க்கான பட்டியல் 2016 இல் வந்தது. அதற்காக 3,000 க்கும் மேற்பட்டோர் கேள்விகளை அனுப்பினார்கள். மனச்சோர்வு வராமலும் திரும்ப வராமலும் தடுப்பது எவ்வாறு என்பது அதில் முதலாவது. தாய்க்கோ தகப்பனுக்கோ மனச்சோர்வு இருந்தால் பிள்ளைக்கு என்ன பாதிப்பு, அதே நோய் பிள்ளைக்கு வராமல் பெற்றோர் காக்க முடியுமா என்பது நான்காவது. உறவினரும் நண்பரும் துணையாக இருக்க அவர்களுக்கு எவ்வாறு உதவலாம் என்பது எட்டாவது. சிகிச்சைக்காகக் காத்திருக்கும் காலம் நோயாளியை என்ன செய்கின்றது என்பது பத்தாவது. நான்காவது கேள்வியைப் படிக்கும்போது, கணவனை இழந்து பிள்ளைகளுடன் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் எத்தனையோ சகோதரிகளின் முகம் என் கண்முன் வந்தது.

தேடுவோரும் தேவையுடையோரும்

நோயாளியின் தேவையும் ஆய்வின் போக்கும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை என்பதை ஆய்வாளர்களே எடுத்துக் காட்டியுள்ளார்கள். முழங்கால் தேய்வு பற்றி 2000 ஆம் ஆண்டு லான்செற் என்ற மருத்துவ சஞ்சிகையில் வந்த கட்டுரை ஒன்று உண்டு. அந்த நோய்க்கான சிகிச்சைப் பரிசோதனைகளில் நூற்றுக்கு 80 க்கும் மேற்பட்டவை மருந்துகளைப் பற்றியவை. மருந்தைப் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று விரும்பிய நோயாளிகளோ நூற்றுக்கு 9 பேர்.

2015 இல் வெளியான இன்னொரு கட்டுரை, மேலே சொன்ன கூட்டமைப்பின் 14 பட்டியல்களை எடுத்துப் பார்த்தது. நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் வைத்தியர்களும் சேர்ந்து தெரிவு செய்த கேள்விகளில் நூற்றுக்கு 18 மருந்து, தடுப்பூசி போன்றவை பற்றியவை. கம்பனிகள் நடத்திய பரிசோதனைகளிலோ நூற்றுக்கு 86 அவை பற்றியவை. விற்கக் கூடியதை ஆராயப் பணம் இலகுவாகக் கிடைக்கின்றது. உறக்கம், வேலை, குடும்பம், மரியாதை என்பன கடையில் விற்கப்படுவதில்லை.

கேட்பவர் மாறினால் விடையும் மாறலாம். மின்வலிப்புச் சிகிச்சையைப் பற்றி, அதாவது ஊரில் 'கறண்ட் வைக்கிறது' என்று சொல்லப்படுவதைப் பற்றி, 2003 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. அதனை முன்னின்று செய்தவர் டயானா றோஸ். அவரே உளநோய்ச் சிகிச்சை பெற்றவர், மின்வலிப்புச் சிகிச்சையும் பெற்றவர். பின்னாளில் பேராசிரியராகவும் ஆனார். அவரும் அவரது குழுவினரும் வைத்தியர்கள் செய்த 26 ஆய்வுகளையும் நோயாளிகளே செய்த அல்லது நோயாளிகளுடன் சேர்ந்து செய்யப்பட்ட 9 அறிக்கைகளையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் பங்குடன் வந்த அறிக்கைகளில் திருப்தி குறைவாகக் காணப்பட்டது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு நீடித்த ஞாபக மறதி ஏற்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை அந்த மறதி பெரிதாக எடுக்கப்படவில்லை.

இதை வாசித்துவிட்டு அந்தச் சிகிச்சையே கூடாது என்று யாரும் எண்ண வேண்டாம். கடும் மனச்சோர்வில் உயிரைக் காக்க அது உதவுகின்றது. மயக்க மருந்து கொடுத்தே இன்று செய்யப்படுகின்றது. நன்மையைக் கேட்டு அறிந்தது போல மறதியையும் கேட்டு அறிந்த பின்னர் சம்மதிக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

எங்கள் சங்கத்தில் செய்து பார்த்தது

எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் இதனைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். முன்பள்ளிக் கட்டிடத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பதினைந்து பேர் கூடினோம். சிலர் நோயுடன் வாழ்பவர்கள், சிலர் என்னைப் போலப் பராமரிப்பவர்கள். கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு தாதியும் தன் ஓய்வு நேரத்தில் வந்திருந்தார். எழுதத் தெரியாதவர்களின் கேள்வியை மற்றவர்கள் கலண்டர் மட்டைகளின் பின்புறத்தில் எழுதினார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, எந்தக் கேள்விக்கு விடை வேண்டுமோ அதன் மேல் வைக்கச் சொன்னோம். இதற்கு எழுத்தும் வேண்டாம், பேசும் துணிவும் வேண்டாம்.

வந்த கேள்விகளில் சிலவற்றை அவர்களின் சம்மதத்துடன் தருகின்றேன். பால் கொடுக்கும் தாய் இந்தக் குளிசையைக் குடிக்கலாமா? மருந்தை எப்போது குறைக்கலாம் என்று எனக்கு யார் சொல்வது? ஷெல் சத்தத்தில் பயந்த பிள்ளை இப்போது பெரிய ஆளாகிவிட்டான், ஆனால் குடிக்கின்றான், இது அந்தப் பயத்தின் மிச்சமா? கோவிலில் நூல் கட்டிக்கொண்டே மருந்தும் எடுத்தால் கூடாதா? நுண்கடன் தவணை நாளுக்கு முதல் நாள் மட்டும் எனக்கு நெஞ்சு அடைக்கின்றதே, இதற்குக் குளிசை வேண்டுமா, கடன் தீர வேண்டுமா?

இவற்றுள் சிலவற்றுக்கு மருத்துவத்தில் ஏற்கெனவே விடை உண்டு என்று தாதி சொன்னார். பால் கொடுக்கும் தாய் எடுக்கக் கூடிய மருந்துகள் இருக்கின்றன, வைத்தியரிடம் கேட்டால் பார்த்துத் தருவார் என்றார். அன்று அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. விடை இருந்தும் அது அவளை வந்து சேரவில்லை. கடற்படை மாலுமிகளுக்குப் பழச்சாறு வந்து சேராத கதைதான் இதுவும்.

அதிகமான புளியங்கொட்டைகள் விழுந்த மட்டையில் இருந்தது இது: 'காணாமல் ஆக்கப்பட்டவருக்குத் திதி கொடுக்காமல் இருப்பதால்தான் உனக்கு நோய் என்கின்றார்கள். அவர் உயிரோடு வந்தால்? காத்திருப்பது நோயா?' எழுதச் சொன்ன அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். அவர் மகனைத் தேடுகின்றார்.

இந்தக் கேள்வியை உலகில் வேறு பெண்களும் கேட்டிருக்கின்றார்கள். அமெரிக்கப் பேராசிரியர் போலின் பொஸ் 1970 களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். உடலும் இல்லை, முடிவும் இல்லை என்ற இந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். குறை காத்திருப்பவரின் மனதில் இல்லை, அவர் தள்ளப்பட்டிருக்கும் நிலைமையில் இருக்கின்றது என்பது அவருடைய முடிவு. இதைச் சொன்னபோது அந்த அம்மா, "அப்ப எனக்கு விசர் இல்லை எண்டு ஒரு படிச்ச ஆள் சொல்லியிருக்கு" என்றார். ஆனாலும் காத்திருக்கும் தாய் இந்த மண்ணில், எங்கள் சடங்குகளுடனும் எங்கள் அரசியலுடனும் நாளைக் கடத்த எது உதவும் என்பது இங்கே இருப்பவர்களைக் கேட்டே ஆராயப்பட வேண்டும்.

இலகுவான காரியம் அல்ல

இந்த முறையில் சிரமங்களும் உண்டு. நோயாளியும் பராமரிப்பாளரும் எப்போதும் ஒன்றையே கேட்பதில்லை. எங்கள் வீட்டில் நான் நோய் திரும்பக் கூடாதே என்று பயப்படுகின்றேன். தங்கை குளிசை குறைய வேண்டும் என்கின்றாள். இரண்டு பேர் கேட்பதும் நியாயம். ஆகவே 'அவளுக்கும் சேர்த்து நான் சொல்லிவிட்டேன்' என்று எந்தப் பராமரிப்பாளரும் சொல்லலாகாது. கூட்டத்தில் அவர்களுக்குத் தனியான இடம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது வெட்கமும் பயமும். வீட்டில் உளநோயாளி இருப்பது தெரிந்தால் பெண் பிள்ளைகளின் கலியாணம் குழம்பும் என்று மறைப்பவர்கள் அநேகம். ஆகவே பெயரில்லாமல் கேள்வி கொடுக்கும் வசதி இருக்க வேண்டும். பஸ் காசு, பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள், அன்றைய கூலியின் இழப்பு என்பவற்றைக் கவனிக்காமல் 'வந்து பங்குபற்றுங்கள்' என்று அழைத்தால் வசதி உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். பட்டியல் வெளியானதும் பணம் வந்துவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது. பட்டியலை வைத்துக்கொண்டு விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு எமக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நீடித்த உளநோயால் பாதிக்கப்பட்டவர்களும் அதில் அடங்குவர். அவர்களைப் பாதிக்கும் தீர்மானங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. மனிதர் மீதான மருத்துவ ஆய்வுகளுக்கு வழிகாட்டும் ஹெல்சிங்கி பிரகடனம் 1964 இல் உருவானது. அது 2024 இல் திருத்தப்பட்டபோது, ஆய்வில் பங்குபற்றுபவர்களும் அவர்களது சமூகமும் தங்கள் முன்னுரிமைகளை எடுத்துச் சொல்ல ஆய்வுக்கு முன்னரும், நடக்கும்போதும், பின்னரும் வாய்ப்பளிக்க வேண்டும் என்று சேர்க்கப்பட்டது.

சகோதரிகள் செய்யக் கூடியவை

வீட்டுக்குப் படிவத்துடன் யாராவது வந்தால் மரியாதையாக வரவேற்று, பதில் சொல்ல முன்னர் ஐந்து விடயங்களைக் கேளுங்கள். இந்த ஆய்வு எதற்காக? இந்தக் கேள்விகளைத் தெரிவு செய்தவர்களில் எங்களைப் போன்றவர்கள் இருந்தார்களா? விருப்பமில்லாவிட்டால் இடையில் நிறுத்தலாமா? நான் சொல்வது யார் கைக்குப் போகும்? முடிவை எப்போது, எந்த மொழியில் வந்து சொல்வீர்கள்? நேர்மையான ஆய்வாளர் இவற்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். மறுப்பதால் உங்கள் சிகிச்சையோ நிவாரணமோ நிற்கக் கூடாது.

சங்கங்களில் ஒரு பின்னேரத்தை இதற்காக ஒதுக்குங்கள். கொஞ்சம் மட்டையும் ஒரு பேணி புளியங்கொட்டையும் போதும். வந்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி, விடை உள்ளவற்றைத் தாதியிடமோ வைத்தியரிடமோ கேட்டு அறியுங்கள். மிகுதியின் ஒரு பிரதியைக் கிளினிக்குக்கும் இன்னொன்றைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கும் கொடுங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டு இருப்பார்கள். எங்கள் பட்டியலை நாங்களும் கையளித்திருக்கின்றோம். கிளினிக் வைத்தியர் அதனை வாங்கி வாசித்து, கை நடுக்கத்துக்கு மருந்து மாற்றிப் பார்க்கலாம் என்று தங்கையிடம் சொல்லியிருக்கின்றார். ஆய்வு எப்போது வருமோ தெரியாது. கேட்டதால் கிடைத்தது இது.

மிக முக்கியமாக, கேள்வி இருக்கின்றது என்பதற்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். கேள்வியை வைத்தியரிடம் கொண்டு போங்கள். மனம் தாங்காத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன்னர், நோயைப் பற்றி உங்கள் மனதில் கிடக்கும் ஒரு கேள்வியைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கத்தில் இருக்கும் நோயாளியிடமும் அவருடைய கேள்வியைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் கொண்டு போங்கள்.